பதினெட்டு நோட்டுகளும் ஒரு சங்கிலியும்

பிள்ளைகளே, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால் கோமுகி அணை வரும். அதைத் தாண்டினால் பாதை வளைந்து வளைந்து கல்வராயன் மலைமேல் ஏறும். முப்பது வருடங்களுக்கு முன்பு அந்த மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியராக இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் பதினெட்டுப் பேர்.

அப்போது பள்ளிகளில் ‘சஞ்சாயிகா’ என்று ஒரு சிறுசேமிப்புத் திட்டம் உண்டு. கடுக்காய் பொறுக்கி விற்ற காசு, திருவிழாவுக்கு மாமா கொடுத்த காசு என்று பிள்ளைகள் ஒன்றும் இரண்டுமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். ஒரே ஒரு நோட்டு. என் மேசை அறையில் கிடக்கும். அதற்குப் பூட்டுக்கூடக் கிடையாது.

ஒரு நாள் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடித்தது. கையிலிருந்த காசு ஐந்து ரூபாய் குறைந்தது. ஒரு பையன் பெயருக்கு நேரே இருந்த 13, 18 ஆகியிருந்தது. 3-ஐ 8 ஆக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? பேனாவால் இரண்டு வளைவு போதுமே! நான் யோசிக்கவில்லை. அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டிவிட்டேன். அழுதுகொண்டே போனவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் அப்பா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். “எம்புள்ள எழுதலீங்க சார்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவன்தான் எழுதினான் என்று காட்டவும் வழியில்லை. எழுதவில்லை என்று காட்டவும் வழியில்லை. ஒரே நோட்டு அல்லவா? நானே கூடக் கவனக்குறைவாகத் தப்பாக எழுதியிருக்கலாம். யார் கை வேலை என்பது இன்றுவரை தெரியாது. பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் வழக்கத்தை மாற்றினேன். ஆளுக்கொரு நோட்டு. வரவுகளை நான் உரக்க வாசிப்பேன். ஒவ்வொருவரும் தன் கணக்கை மட்டுமல்ல, பதினெட்டுப் பேர் கணக்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டில் யாராவது கை வைத்தால் மற்ற பதினேழும் காட்டிக் கொடுத்துவிடும். மழையில் ஒன்று நனைந்து போனாலும் பயமில்லை.

சென்ற வாரம் என் பேத்தி, “பிளாக்செயின்னா என்ன தாத்தா?” என்று கேட்டாள். எனக்கு அந்தப் பதினெட்டு நோட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. பல ஊர்களில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்கின்றன. புதிய பக்கம் ஒன்று சேர வேண்டுமென்றால் அவை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்துக்குத்தான் ‘பிளாக்’ என்று பெயர். சரி, ‘செயின்’ என்கிற சங்கிலி எங்கிருந்து வந்தது?

ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். முதல் பக்கத்தில் 5, 10, 3 என்று மூன்று வரவு. முதல் எண்ணை 1-ஆல், இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 3-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 5, 20, 9; மொத்தம் 34. இது முதல் பக்கத்தின் முத்திரை எண். இரண்டாம் பக்கத்தில் 4, 6, 2. அதேபோலச் செய்தால் 22. அதோடு முன்பக்க முத்திரை 34-ஐயும் கூட்டுங்கள், 56. மூன்றாம் பக்கத்தில் 10, 5, 1. இது 23, முன்பக்கத்து 56-ஐச் சேர்த்தால் 79.

இப்போது ஒரு குறும்புக்காரன் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் 3-ஐ 8 ஆக்குகிறான். முத்திரை 34 போய் 49 ஆகும். அதனால் இரண்டாம் பக்கம் 71, மூன்றாம் பக்கம் 94. ஒரு பக்கத்தைத் தொட்டால் பின்னால் வரும் பக்கங்கள் எல்லாம் கத்துகின்றன! அதுதான் சங்கிலி.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் இந்நேரம் இதில் ஓட்டை கண்டுபிடித்திருப்பார். 5, 10, 3-ஐ 5, 7, 5 என்று மாற்றிப் பாருங்கள். முத்திரை அதே 34! என் கணக்கு அவ்வளவுதான். கம்ப்யூட்டர்கள் இதைவிடப் பல மடங்கு கடினமான கணக்கைப் போடுகின்றன. அதில் ஒரு வகைக்கு எஸ்.எச்.ஏ.-256 என்று பெயர். ஒரே சொல்லைக் கொடுத்தாலும் சரி, திருக்குறள் முழுவதையும் கொடுத்தாலும் சரி, விடையை 64 குறிகளில்தான் எழுதும். உள்ளே ஒரு புள்ளி மாறினால் போதும், விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வேறொன்றை எழுதி அதே முத்திரையை வரவழைக்க இதுவரை யாராலும் முடியவில்லை.

இந்தச் சங்கிலி யோசனை 1991-இல் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் எழுதிய கட்டுரையில் வந்தது. கம்ப்யூட்டரில் உள்ள ஆவணத்தைப் பிறகு யாரும் ரகசியமாகத் திருத்தாமல் காப்பது எப்படி என்பதுதான் அவர்கள் கவலை. சங்கிலியின் முத்திரையை யாரிடம் கொடுத்து வைப்பது? 1995 முதல் அவர்களது நிறுவனம் ஒரு வேலை செய்தது. வாரம் ஒருமுறை அந்த முத்திரையை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் குட்டி விளம்பரமாகப் போட்டுவிட்டது!

ஏன் என்று புரிகிறதா? நீங்கள் இப்போது படிக்கும் இதே தாள் டீக்கடையில் கிடக்கிறது, முடி திருத்தும் கடையில் கிடக்கிறது, சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் யார் யார் வீட்டுத் திண்ணையிலோ கிடக்கிறது. ஓர் எழுத்தை ரகசியமாக மாற்ற வேண்டுமென்றால் அத்தனை வீட்டுக்கும் போக வேண்டும். நடக்கிற காரியமா?

2008-இல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ இந்த யோசனையை எடுத்து ‘பிட்காயின்’ என்ற கம்ப்யூட்டர் பணத்துக்குத் திட்டம் எழுதினார்கள். 2009 ஜனவரியில் அதன் முதல் பக்கம் உருவானது. அதற்குள்ளும் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் அன்றைய தலைப்பு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. (இதில் பணம் போட்டால் இரட்டிப்பாகும் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பா அம்மாவை உஷார்ப்படுத்துங்கள்.)

எனக்குப் பணத்தைவிடச் சான்றிதழ்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. கல்வராயன் மலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையை ஆள்பவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அவர்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வேண்டுமா, கல்லூரியில் இடம் வேண்டுமா, கோட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழ் வேண்டும். அது உண்மையானதுதானா என்று கேட்டுக் கடிதம் போய்க் கடிதம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

மகாராஷ்டிரத்தில் பழங்குடியினர் நிறைந்த கட்சிரோலி மாவட்டத்தில் எடப்பள்ளி என்று ஓர் ஊர். அங்கே 2022-இல் 65,000 சாதிச் சான்றிதழ்களுக்குப் பிளாக்செயினில் முத்திரை பதிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். சான்றிதழில் உள்ள சதுரக் குறியீட்டைச் செல்போனில் காட்டினால் அசலா போலியா என்று உடனே தெரியும். தமிழ்நாடு அரசும் 2020-இல் பிளாக்செயினுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. நம் அரசு அமைத்த பிளாக்செயின் கட்டமைப்பின் பெயர் ‘நம்பிக்கை இணையம்’. நல்ல பெயர்தான்.

ஆனால் முதலில் எழுதும்போதே தப்பாக எழுதினால்? அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை நான் வாசித்து முடித்தேன். பதினெட்டு நோட்டும் ஒன்றுபோல இருந்தன. எனக்கு ஒரே பெருமை. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். “சார், நான் குடுத்தது அஞ்சு ரூவா. நீங்க ரெண்டுன்னு வாசிச்சிட்டீங்க” என்றாள்.

பதினெட்டு நோட்டிலும் இரண்டு ரூபாய்! காசை எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஒரு பையன் ரப்பரை எடுத்தான். வேண்டாம் என்றேன். அடித்தும் திருத்தவில்லை. அதற்கு அடுத்த வரியில், அவள் பெயருக்கு நேரே, ‘விடுபட்டது ரூ.3’ என்று பதினெட்டுப் பேரும் எழுதினோம்.