நாற்பத்தைந்து நாள் கெடு

திருப்பூரில் ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்குமுன் அந்தத் துணி பல கை மாறிவிடுகிறது. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் பெரும்பாலும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டுகள். வாரக் கூலியைத் தள்ளிப்போட அவற்றால் முடியாது. வரவேண்டிய பில் பணமோ மாதக்கணக்கில் நிற்கும்.

இதற்குச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுத்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் வேலை கொடுக்கும் பார்ட்டி மீதே புகார் எழுதிவிட்டு அடுத்த ஆர்டருக்கு எங்கே போய் நிற்பது? அந்த அச்சத்திலேயே பலரும் வாய் திறக்கவில்லை.

2023 பட்ஜெட் வேறு வழியில் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ‘எச்’ என்ற உட்பிரிவைச் சேர்த்தது. 2023-24 கணக்கிலிருந்து, கெடு தாண்டிய பில்லுக்கு மார்ச் 31-க்குள் பணம் போகாவிட்டால் அந்த ஆண்டு அதைச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். பத்து லட்ச ரூபாய் பாக்கி வைத்த கம்பெனி, 25 சதவீத வரி என்றால், இரண்டரை லட்சத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். யாரும் புகார் எழுதத் தேவையில்லை. பார்ட்டியின் ஆடிட்டரே “முதலில் பில்லை செட்டில் பண்ணுங்கள்” என்பார். இதுதான் இந்த உட்பிரிவின் பலம்.

ஓட்டையும் இருக்கிறது. நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் தரவேண்டிய பணத்துக்கு இந்தக் கெடு பொருந்தாது. ஆகவே ஆர்டரை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம், அல்லது சிறு யூனிட்டிடம் “உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா” என்று நெருக்கலாம்; சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு அது. 2024 தொடக்கத்தில் நாடெங்கும் சிறு தொழில் வட்டாரத்தில் இந்தக் கவலையே பெரிதாக இருந்தது. கடன் வைத்தே பழகிய ஜவுளி வியாபாரிகள் விதியைத் தள்ளிவைக்கக் கோரினார்கள். தள்ளிவைக்க வேண்டியதில்லை, நடுத்தர நிறுவனங்களுக்கும் விரிவாக்க வேண்டும். அப்போது ஆர்டரை இடம் மாற்றுவதில் லாபம் இருக்காது.

யூனிட் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். கெடுவை எழுத்தில் வாங்குங்கள். யார் கேட்டாலும் பதிவை ரத்து செய்யாதீர்கள்.