எறும்பின் முகமும் வெள்ளை மரமும்

கண்ணுக்குத் தெரியாததைக் காமிராவில் பிடிக்கலாம்!

எறும்பின் முகத்தை நீங்கள் பார்த்தது உண்டா?

சர்க்கரை டப்பாவைத் தட்டும்போது தினமும் எறும்பைப் பார்க்கிறோம். ஆனால், முகத்தைப் பார்ப்பது இல்லை. அதற்குக் கண் உண்டு. அரிவாள் போன்ற தாடை உண்டு. உடம்பில் மயிர்கூட உண்டு!

பச்சை மரம் ஒன்று, பனி பெய்தது போல வெள்ளை வெளேர் என்று நிற்பதைப் பார்த்தது உண்டா? அதுவும் நம் ஊரிலேயே நடக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவது இல்லை.

இந்த இரண்டையும் காமிரா காட்டிவிடும். சிறியதைப் பெரிதாக எடுப்பதற்கு "மாக்ரோ" படம் என்று பெயர். மற்றொன்று அகச்சிவப்புப் படம். இரண்டும் நல்ல பொழுதுபோக்குகள். அறிவையும் வளர்ப்பவை.

ஏரிக்கரையில் ஒரு காலை

ஆவடியில் இருந்து பூந்தமல்லி போகும் சாலையில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. பரப்பு சுமார் 87 ஏக்கர். ஏரியைச் சீர் செய்து, 2019-ஆம் ஆண்டில் பசுமைப் பூங்காவைத் திறந்தார்கள். கரை ஓரம் நடைபாதையும் போட்டார்கள்.

இப்படிப்பட்ட ஏரிக்கரைதான் மாக்ரோ படத்துக்கு ஏற்ற இடம். புல்லில் தட்டான் உட்கார்ந்திருக்கும். இலை மேல் சிலந்தி காத்திருக்கும்.

விடியற்காலையே நல்ல நேரம். ஏன் தெரியுமா? வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் தட்டானுக்குப் பறக்கத் தெம்பு வரும். அதுவரை பனித்துளியோடு அசையாமல் இருக்கும். அதன் ஒரு கண் பல ஆயிரம் சிறு கண்கள் சேர்ந்தது. சில வகைத் தட்டான்களுக்கு அந்த எண்ணிக்கை 30 ஆயிரம் வரை போகும்!

அரைச் சாண் எறும்பு!

மாக்ரோ படத்தின் கணக்கு எளிது. காமிராவுக்குள் படம் விழும் சில்லு ஒன்று உண்டு. பெரிய காமிராக்களில் அதன் அகலம் 36 மி.மீ. 1 செ.மீ. எறும்பு அந்தச் சில்லிலும் 1 செ.மீ. அளவுக்கே விழுந்தால், அது முழு மாக்ரோ.

அந்தப் படத்தை 36 செ.மீ. அகலத்துக்கு அச்சிடுங்கள். எறும்பு 10 செ.மீ. ஆகிவிடும். ஏறக்குறைய அரைச் சாண்!

இதற்கென்று தனி லென்ஸ் உண்டு. விலை அதிகம். பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். சாதாரண லென்சைத் திருப்பி மாட்ட ஒரு வளையம் கிடைக்கிறது. செல்போனில் செருகும் சிறு லென்சும் உண்டு.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது கண் தெளிவாக இருந்தால் முதுகு மங்கிவிடும். ஆகவே, கண்ணைக் குறி வையுங்கள். மூச்சை அடக்கி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தெளிவான இடம் வந்ததும் அழுத்துங்கள். நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் வெளிச்சம் சமமாக விழும்.

சிவப்புக்கு அப்பால்

வானவில்லில் சிவப்புக்கு அப்பாலும் ஒளி உண்டு. 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வான ஆராய்ச்சியாளர் அதைக் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்தார். சிவப்பைத் தாண்டி, வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். சூடு ஏறியது! அதுதான் அகச்சிவப்பு.

1910-இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வுட் அந்த ஒளியில் எடுத்த படங்களை வெளியிட்டார். இலைகள் வெள்ளையாக இருந்தன. வானம் கறுத்திருந்தது.

காரணம் என்ன? இலையில் உள்ள பச்சைப் பொருள் உணவு சமைக்கச் சிவப்பு, நீல ஒளிகளை எடுத்துக் கொள்கிறது. அகச்சிவப்பு அதற்கு வேண்டாம். இலைக்குள் இருக்கும் நுண்ணறைகள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால் இலை வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. இது உடம்புச் சூட்டைக் காட்டும் படம் அன்று. வெயிலின் எதிரொளிதான்.

தென்னையின் நோயைக் காட்டிய படம்

இதை வெறும் வேடிக்கை என்று எண்ண வேண்டாம். 1970-இல் கேரளத்தில் தென்னைக்கு வாடல் நோய் கண்டிருந்தது. விஞ்ஞானி பி. ஆர். பிஷரோட்டியின் குழுவினர் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு பிலிமில் தோப்புகளைப் படம் எடுத்தார்கள். நல்ல மரமும் நோய்ப்பட்ட மரமும் வேறு வேறாகத் தெரிந்தன!

1988-இல் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக் கோளிலும் அகச்சிவப்பைப் பார்க்கும் காமிரா இருந்தது. பயிரையும் காட்டையும் அது வானில் இருந்து கவனித்தது.

வீட்டிலேயே சோதிக்கலாம்

டி.வி. ரிமோட்டை எடுங்கள். அதன் முனையைச் செல்போன் காமிராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, பல போன்களின் திரையில் மினுக்கும். பின் காமிராவில் தெரியாவிட்டால், முன் காமிராவில் பாருங்கள்.

படம் எடுக்க, காமிரா முன்னால் கறுப்பான வடிகட்டிக் கண்ணாடி ஒன்றை மாட்ட வேண்டும். 720 என்ற எண் போட்டு விற்கிறார்கள். காமிராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால், கொஞ்ச ஒளிதான் உள்ளே போகும். ஒரு படத்துக்குப் பல விநாடிகள் ஆகலாம். முக்காலித் தாங்கி அவசியம்.

எச்சரிக்கை!

அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் கெட்டுவிடும். காமிராவை நீங்களே கழற்றவும் கூடாது. அணைத்து வைத்த காமிராவிலும், பிளாஷ் பகுதியில் மின்சாரம் தங்கி இருக்கும். தூக்கி அடிக்கும். குழந்தைகள் பெரியவர் துணை இல்லாமல் நீர் ஓரம் போகக் கூடாது.

படத்துக்காகப் பூச்சியின் சிறகைப் பிய்ப்பது பாவம். கூட்டைக் கலைப்பதும் வலையை அறுப்பதும் வேண்டாம்.

காமிரா பெரிதா, கண் பெரிதா?

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) புகழ் பெற்ற இயற்கை அறிஞர். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கினார். அதைக் கொண்டு காட்டு விலங்குகளை அருமையாகப் படம் எடுத்தார். 1960-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

விலையை விடப் பொறுமையே பெரிது. ஒரே மரத்தை, ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு முறை எடுங்கள். பார்த்த பூச்சிகளை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். எந்தப் பூச்சி வந்தது, எது வராமல் போயிற்று என்பதை ஓர் ஆண்டு முடிவில் அந்த நோட்டு சொல்லும். அதுவே உங்கள் ஏரியின் உடல்நலக் குறிப்பு!