பன்றியும் தோட்டாவும்

பன்றியைச் சுடுவதற்கு எந்தத் தோட்டா ஏற்றது என்னும் கேள்வி நமது வீட்டுக் கூடங்களில் அடிக்கடி எழக்கூடியதன்று. போலீஸ்காரர் தோளில் துப்பாக்கியைப் பார்த்ததோடு நம்மில் பெரும்பாலோருக்கு அதனுடன் உள்ள பரிச்சயம் முடிந்துவிடுகிறது. ஆயினும் பன்றி, தோட்டா என்ற இரண்டு சொற்களும் ஒன்றாகக் காதில் விழும்போது இந்தியர் எவரும் சற்றுச் செவி சாய்க்கவே செய்வர். 1857-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாக்களில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு சிப்பாய்களிடையே கிளம்பியது. அது முதலில் எழுந்த இடம் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம். அந்தப் பேச்சு மூட்டிய நெருப்பு ஒரு சாம்ராஜ்யத்தையே சுட்டதை நாம் சரித்திரத்தில் படித்திருக்கிறோம். அதே டம்டம் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறையும் வரப்போகிறது.

இன்று இந்தக் கேள்வி மிகவும் பலமாக எழுகிற தேசம் அமெரிக்கா. அங்கே ஆதியில் பன்றியே கிடையாது. 1539-ல் டி ஸோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி புளோரிடாக் கரையில் இறங்கியபோது, தன் படையின் சாப்பாட்டுக்காகப் பன்றி மந்தையையும் ஓட்டிக்கொண்டு வந்தான். பிற்காலத்தில் குடியேறியவர்களின் பன்றிகளும் காட்டுக்குள் ஓடிப்போயின. போதாக்குறைக்கு, வேட்டை விநோதத்திற்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் சில செல்வர்கள் தருவித்தார்கள். எல்லாம் கலந்து பெருகி, இப்போது அறுபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று அந்நாட்டு விவசாய இலாகா மதிப்பிடுகிறது. ஒரு பெண் பன்றி நான்கு மாதத்துக்குள் சினை முடிந்து ஐந்தாறு குட்டிகள் ஈன்றுவிடும். சோளக் கொல்லையில் ஒரு கூட்டம் ஒரே இரவு புகுந்தால், மறுநாள் காலையில் அது ஏர் உழுத நிலமாய்க் கிடக்கும். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் இந்தத் தொல்லை அதிகம். 2019 செப்டம்பர் முதல், நிலச் சொந்தக்காரரின் சம்மதம் இருந்தால் பன்றி வேட்டைக்கு லைசென்ஸே வேண்டாமென்று அங்கே சட்டம் செய்துவிட்டார்கள்.

பன்றியின் தேகமும் குண்டின் வேலையும்

சரி, துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். எதைப் போட்டுச் சுடுவது? இதற்குப் பதில் துப்பாக்கிக் கடையில் இல்லை. பன்றியின் தேகத்தில்தான் இருக்கிறது. பன்றி குறுகிய கழுத்தும் திரண்ட தோளும் கொண்ட பிராணி. வயது வந்த ஆண் பன்றிக்குத் தோளிலும் விலாவிலும் தோலுக்கடியில் குருத்தெலும்பைப் போன்ற ஒரு தடித்த கவசம் வளர்கிறது. ஒன்றையொன்று கோரைப் பல்லால் கிழித்துச் சண்டையிடும்போது அது கேடயமாய் உதவுகிறது. அதன்மேல் முரட்டு மயிர். அதற்கும் மேல் புரண்டெழுந்த சேறு காய்ந்து அப்பியிருக்கும். இருதயமோ மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாகவும் முன்புறமாகவும், முன்கால்களை ஒட்டி அமைந்திருக்கிறது. மானைச் சுட்டுப் பழகியவர் அதே இடத்தைக் குறிபார்த்தால், குண்டு பன்றியின் குடலில் பாயும். அப்புறம் அந்தப் பிராணி மைல் கணக்கில் ஓடி, எங்கோ ஒரு புதரில் விழுந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். தோட்டாவைப் பற்றிய விசாரம் முழுவதும் இந்தக் கொடுமையைத் தவிர்ப்பதற்காகவே.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரு சரக்கு. பித்தளைக் குப்பி, அதன் அடியில் பொறி தரும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. குப்பியில் எவ்வளவு மருந்து, வாயில் எவ்வளவு கனமான குண்டு என்பதைப் பொறுத்து அதன் சக்தி அமைகிறது. குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு காணப்படும் .223 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் 55 கிரெயின், அதாவது மூன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகம். விநாடிக்குச் சுமார் 3,200 அடி வேகத்தில் அது பறக்கிறது. 1952-ல் விற்பனைக்கு வந்த .308 தோட்டாவில் 150 கிரெயின் குண்டு சுமார் 2,800 அடி வேகத்தில் செல்லும். வேகத்தில் குறைவுதான், ஆனால் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இதன் தாக்குதல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அடர்ந்த புதரில் நூறு கஜத்துக்குள் சுடுகிறவர்கள் 1895-ல் தோன்றிய பழைய .30-30 தோட்டாவையே இன்றும் மெச்சுகிறார்கள். சிறிய தோட்டாவால் பன்றி சாகாது என்பதில்லை. ஆனால் கை தேர்ந்தவர் சரியான இடத்தில் போட்டால்தான் அது பலிக்கும். தவறினால் மன்னிக்கிற குணம் அதற்குக் குறைவு.

எடையைவிட முக்கியமானது குண்டின் அமைப்பு. ஈயத்தின் மேல் செம்பு உறையை முழுவதும் மூடிச் செய்த பட்டாளத்துக் குண்டு, பன்றியின் உடலில் ஊசி நுழைந்தாற்போல் நுழைந்து மறுபக்கம் போய்விடலாம். துவாரம் சிறியது, பன்றி ஓடிவிடும். ஊடுருவிய குண்டு அப்பால் நிற்கும் மாட்டையோ மனிதனையோ தாக்கவும் கூடும். முனையில் உறையில்லாமல் ஈயம் தெரியும்படி செய்த மென்முனைக் குண்டு, உடலில் பட்டதும் காளான் குடை போல் விரிகிறது. விரிவதால் தன் சக்தியை அங்கேயே செலவழித்துப் பிராணியைச் சீக்கிரம் வீழ்த்துகிறது. ஆனால் அளவுக்கு மீறி மெதுவாயிருந்தால், தோள் கவசத்திலேயே சிதறிப் போய் உள்ளே எட்டாது. ஆகையால் பன்றிக்கு வேண்டியது விரியவும் வேண்டும், சிதறவும் கூடாது என்ற இரண்டு குணமும் வாய்ந்த குண்டு. உறையோடு ஈயத்தை இறுகப் பிணைத்துச் செய்பவை ஒரு வகை. ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் கடைந்து, முனையில் குழி வைத்தவை மற்றொரு வகை.

மீண்டும் டம்டம்

விரிகிற குண்டு என்றதும் மறுபடி டம்டமுக்குப் போகவேண்டியிருக்கிறது. 1895-ல் எல்லைப்புறத்தில் சித்ரால் யுத்தம் நடந்தபோது, புதிய .303 துப்பாக்கியின் உறையிட்ட குண்டு பட்டும் பட்டாணியர் நிற்காமல் மேலே வருகிறார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். டம்டம் ஆயுதசாலையின் தலைவராயிருந்த காப்டன் பெர்ட்டி-கிளே, முனையில் உறையை நீக்கிய குண்டைச் செய்து தந்தார். அந்த ஊரின் பெயரே அந்தக் குண்டுக்கு உலகமெங்கும் நிலைத்துவிட்டது. 1899-ல் ஹேக் நகரில் கூடிய மகாநாடு, உடலில் விரியும் குண்டுகளை யுத்தத்தில் பிரயோகிக்கக் கூடாதென்று பிரகடனம் செய்தது. நாகரிகமற்ற ஜாதியாரை எதிர்க்கும்போது அவை தேவை என்று பிரிட்டிஷ் பிரதிநிதி அங்கே வாதாடினார்! அந்தப் பிரகடனத்தில் பிரிட்டன் சேருவதற்கு 1907 வரை சென்றது.

மனிதன்மேல் பிரயோகிக்கக் கூடாதென்று உலகம் தடுத்த அதே தத்துவத்தைத்தான் இன்று அமெரிக்க ராஜ்யங்கள் பல, பெரிய மிருகங்களின் வேட்டைக்குக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இது முரண்பாடாகத் தோன்றலாம். யோசித்தால் முரண்பாடில்லை. போரில் எதிரியைப் போரிட முடியாதபடி செய்தால் போதும். காயம்பட்டவனுக்கு ஆஸ்பத்திரி உண்டு. காயம்பட்ட பன்றிக்கு ஆஸ்பத்திரி ஏது? அதற்குச் செய்யக்கூடிய ஒரே தயை, மரணம் சடுதியில் வரும்படி பார்த்துக்கொள்வதே.

ஈயத்தின் பழி

இவ்வளவும் தெரிந்து நல்ல மென்முனை ஈயக் குண்டைத் தேர்ந்துகொண்டாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. ஈயம் விரியும்போது பொடிப்பொடியாகவும் உதிர்கிறது. சுட்ட பிராணியின் உடலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், காயத்துக்கு வெகு தூரத்திலும் நூற்றுக்கணக்கான துகள்கள் தென்பட்டிருக்கின்றன. வேட்டைக்காரர் காட்டில் விட்டுச்செல்லும் குடலைக் கழுகுகள் தின்னுகின்றன. கலிபோர்னியாவின் காண்டார் என்னும் பெருங்கழுகுக்கு நேர்ந்த கதி இதுதான். 1982-ல் உலகத்தில் அந்த ஜாதிப் பறவைகள் இருபத்திரண்டே எஞ்சியிருந்தன. 1987-ல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, கூட்டில் வைத்து இனம் பெருக்கி, 1992 முதல் மறுபடி காட்டில் விட்டார்கள். விட்ட பறவைகளையும் ஈய விஷம் வாட்டியது. ஆகவே கலிபோர்னியா 2013-ல் சட்டம் செய்து, 2019 ஜூலை முதல் ராஜ்யம் முழுவதும் வேட்டைக்கு ஈயக் குண்டையே விலக்கிவிட்டது. பன்றி வேட்டைக்காரர்கள் அங்கே செம்புக் குண்டுதான் போடவேண்டும். காண்டார்கள் இப்போது ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன.

கழுகுக்கு ஆகாதது மனிதனுக்கு மட்டும் ஆகுமா? 2008-ல் வடக்கு டகோட்டா ராஜ்யத்தில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துகள் இருப்பதைக் கண்டு, அதை வழங்க வேண்டாமென்று அதிகாரிகள் அறிவித்தார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பரம சத்துரு. தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லையென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. செம்பு ஈயத்தைவிட எடை குறைந்த உலோகமானதால், அதே கனத்துக்குக் குண்டு நீளமாகிறது. அதனால் சற்று இலேசான குண்டைத் தேர்ந்து, துப்பாக்கியைப் புதிதாகக் குறிசரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விலையும் பெரும்பாலும் சற்றுக் கூடுதல். ஆனால் சாப்பிடப் போகிற குழந்தையை நினைத்தால் இந்தச் செலவு பெரிதல்ல.

குண்டு தீர்க்காத பிரச்னை

இவ்வளவு நேர்த்தியான தோட்டாக்கள் இருந்தும் அமெரிக்காவில் பன்றி குறைந்ததா? இல்லை. ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி ஓடி, நாலு இடங்களில் புதுக் கூட்டம் சேர்கின்றன. வேட்டை ருசி கண்டவர்கள் புதிய இடங்களில் பன்றியைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விடுவதும் உண்டு. இதனால் மிஸௌரி ராஜ்யத்தின் வனப் பாதுகாப்பு இலாகா 2016-ல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடுத்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பெரிய பட்டி அமைத்து, கூட்டம் முழுவதும் உள்ளே வந்து பழகும் வரையில் பொறுத்திருந்து, ஒரேயடியாகக் கதவை அடைக்கிறார்கள்.

நம் தேசத்தில் இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. குதிரையோட்டக்கூடிய சமவெளிகளில் ஆங்கில துரைகள் ஈட்டியால் பன்றி குத்துவதைப் பெரிய வீர விளையாட்டாகப் போற்றினார்கள். அங்கே பன்றியைச் சுடுவது அநாகரிகமாம்! குடியானவனின் கரும்பு என்னவானாலென்ன? 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அவன் கையில் துப்பாக்கி இல்லாமல் பார்த்துக்கொண்டது. 1907 வாக்கில், கலகக்காரர் கையில் இருந்த பழைய பட்டாளத் துப்பாக்கிகளுக்குப் பயன்படுமென்று அஞ்சி, .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவில் இறக்குமதி செய்யவும் தடை போட்டார்கள். தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது மிருகத்தின் தேகமல்ல, ஆளுவோரின் பயம். 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம் பெற்றது தற்செயலன்று.

சுயராஜ்யம் வந்தபின், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றியும் காக்கப்படும் பிராணியாயிற்று. பயிரை அழிக்கும் பன்றியை அதிகாரிகளின் உத்தரவு பெற்றுத்தான் சுடலாம். கேரள சர்க்கார் 2022-ல் அந்த அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கு அளித்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வெளியான உத்தரவு, காப்புக் காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாதென்றும், அதற்கப்பால் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டுமென்றும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர்கள் சுடலாமென்றும் வகுத்தது.

உத்தரவு கிடைக்கத் தாமதமாகும் இடங்களில் நடப்பது என்ன? அவுட்டுக்காய். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வயல் ஓரத்தில் போட்டுவிடுகிறார்கள். பன்றி கடிக்கும், வாய் சிதறும், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். பசுவும் யானையும்கூட அதைக் கடிப்பதுண்டு. 2020-ல் பாலக்காட்டுப் பக்கத்தில் வாய் சிதைந்த ஒரு சினை யானை ஆற்று நீரில் நின்றபடியே உயிர் விட்டதை நாடு முழுவதும் கண்டு கலங்கியது.

பயிரை இழந்த குடியானவனுக்கு ஜீவகாருண்ய உபதேசம் செய்வது சுலபம். அவனுக்குத் தேவை உபதேசமல்ல. வேலியும், காலத்தில் வரும் நஷ்டஈடும், கூப்பிட்டவுடன் வரக்கூடிய தேர்ந்த கையும்தான். அந்தக் கை கொண்டுவரும் துப்பாக்கியில் என்ன தோட்டா இருக்கிறது, அது பிராணியைச் சடுதியில் முடிக்குமா, கழுகுக்கு விஷமாகாமல் இருக்குமா என்பதையும் கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தத் தோட்டா நம் வரிப் பணத்தில் வாங்கப்படுகிறது.