உங்களுக்குத் தெரியுமா? குள்ளர்களுக்கும் ஒரு நாதன் உண்டு

ஆங்கில மாயக் கதைகளில் வரும் குள்ளர்களுக்குத் தனிக் கடவுள் உண்டு. டோல்கீனின் 'சில்மரில்லியன்' (1977) நூலில் அவர் பெயர் அவுலே; தெய்வக் கொல்லர். தன் கலையைக் கற்றுக்கொடுக்க மாணவர்கள் வேண்டும் என்ற ஆசையில், யாருக்கும் தெரியாமல் மலைக்கு அடியில் ஏழு குள்ளத் தந்தையரை வடித்துவிடுகிறார். உருவம் கொடுக்க அவரால் முடிந்தது, உயிர் கொடுக்க முடியவில்லை. அதைக் கொடுத்தவர் பரம்பொருளான இலுவதார்.

நம் குள்ளர்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையிலிருந்து முந்திரிக் காடுகளைக் கடந்து ஜெயங்கொண்டம் போய், மீன்சுருட்டி சாலையைப் பிடித்தால் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராஜேந்திரன் எழுப்பிய சுமார் 55 மீட்டர் உயர விமானம். வருகிறவர்கள் உச்சியை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் அடியார் சண்டேசருக்குச் சிவன் பூமாலை சூட்டும் சிற்பத்துக்குப் போய்விடுவார்கள். போகட்டும், அது உலகத் தரமான சிற்பம்தான். ஆனால் சுவர் முடிந்து கபோதம் என்ற கூரை விளிம்பு வளைந்து இறங்கும் இடத்துக்குக் கீழே ஒரு கூட்டமே இருக்கிறது. உருண்டை வயிறு, குட்டைக் கை கால், பிதுங்கிய கண். ஒன்று ஆடும், ஒன்று கொட்டும், ஒன்று பக்கத்தில் இருப்பதைச் சீண்டும். இந்த வரிசைக்குச் சிற்பிகள் சொல்லும் பெயர் பூதவரி. கூரையைத் தாங்குகிற இடத்தில் இவர்களை வைத்தார்களே, அந்தச் சிற்பியின் மனசுக்குக் கும்பிடு போடலாம்.

பூதகணங்களின் நாதன் யார்? சிவன்தான். பூதநாதன், பூதபதி என்பதெல்லாம் அவருக்கே உரிய பெயர்கள். கணங்களுக்குப் பதியாக அமர்ந்த பிள்ளையாரும் குட்டை உருவமும் பெருவயிறும் கொண்டவர். கூட்டத்துத் தலைவர் கூட்டத்தைப் போலவே இருக்கிறார்! கங்கைகொண்ட சோழபுரத்தின் ஆடவல்லான் சிற்பத்தில் காரைக்கால் அம்மையாரையும் காணலாம். பேயுருவை வரமாகக் கேட்டு வாங்கி, சிவனின் கூட்டத்தில் சேர்ந்தவர் அவர்.

கணங்கள் போருக்கும் போகும். மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மேல் வரும் துர்க்கையைச் சுற்றி வாளும் கேடயமுமாக நிற்கும் சேனையைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் குள்ளர்கள். எதிரே பின்வாங்குகிறவர்களோ நெடிய அசுரர்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, வெற்றியை யார் பக்கம் வைத்தார் என்பது கண்ணெதிரே இருக்கிறது.

எல்லாக் குள்ளனும் அப்படி அல்ல. நடராசர் காலடியில் கிடக்கும் முயலகனும் குள்ளன்தான். அவன் அறியாமையின் உருவம்.

கூரையைக் குள்ளர்கள் தாங்கும் எண்ணம் வட ஐரோப்பாவிலும் தோன்றியிருக்கிறது. நார்ஸ் மக்களின் பழங்கதையில் வானத்தை நான்கு மூலையிலும் தாங்குகிறவர்கள் நான்கு குள்ளர்கள். அவர்களுக்குத் திசைகளின் பெயரே பெயர். இடிக் கடவுள் தோரின் சுத்தியலைச் செய்ததும் குள்ளக் கொல்லர்களே.

மாயக் கதைகளில் வரும், புதையலுக்கும் குள்ளருக்கும் உள்ள தொடர்பு நம்மிடமும் பழையது. யட்சர்களின் அரசன் குபேரன், சிற்பங்களில் பெரும்பாலும் குட்டையான, தொந்தி பெருத்த உருவம். இலங்கை முதலில் அவனுடையது. தம்பி முறையான இராவணன் அதையும் புஷ்பக விமானத்தையும் பறித்துக்கொள்ள, குபேரன் வடக்கே அளகாபுரிக்குப் போனான். மத்தியப் பிரதேசத்தின் பார்குத் தூபியில், பெயர் பொறித்த குபேர யட்சன் சிலை கிடைத்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் சிலை அது. இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் குபேரன் நெடியவன், அவன் காலைத் தாங்குகிறவன்தான் குள்ளன். குபேரனின் செல்வங்களான சங்கநிதி, பதுமநிதி இருவரையும் இலங்கை அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் வாசல் காக்கும் குள்ளர்களாகவே காணலாம்.

இனி எகிப்து. இங்கே கதையை விட்டு நிஜ மனிதர்களுக்கு வருகிறோம், அதனால்தான் எனக்கு இது எல்லாவற்றிலும் பிடித்தது. சக்காராவில் மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறை, 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதன் சுவரில் உயரம் குறைந்த பொற்கொல்லர்கள் ஆபரணம் செய்கிறார்கள். கைவினைஞர்களின் தெய்வமான ப்தாவுக்கே குள்ள வடிவம் ஒன்று இருந்தது. தாயையும் குழந்தையையும் காக்கும் பெஸ் என்ற தெய்வமும் குள்ளன். செனெப் என்ற குள்ள அதிகாரி, அரண்மனையில் உயர்பதவி வகித்தவர். மனைவியும் பிள்ளைகளுமாக அவர் அமர்ந்திருக்கும் சிலை கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் முகத்தில் உள்ள நிமிர்வைச் செதுக்கியவருக்கு மனிதரைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரித்த 21 வகைகளில் உயரக் குறைவையும் சேர்த்திருக்கிறது. மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் வளர்ந்தவரின் உயரம் 4 அடி 10 அங்குலமோ அதற்குக் குறைவோ என்பது அளவு. அந்தச் சட்டத்தின்படி உரிய சான்றிதழும் சலுகையும் கேட்டுப் பெறலாம். உங்கள் தெருவில், வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். கூப்பிடும்போது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.