இடுப்பு வலியும் எலும்பு மஜ்ஜையும்

குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே!" என்று நாம் அதை எளிதாகத் தள்ளிவிடுகிறோம். வலியின் வேர் எலும்புக்கு உள்ளேயே இருக்கலாம் என்பதை அறிவோமா?

நம் இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையே மெத்தை போன்ற வட்டுகள் அமைந்துள்ளன. வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை என்றே கூறலாம். எனவே எலும்பு மஜ்ஜையிலிருந்தே மெல்லிய தட்டு ஒன்றின் வழியாக அதற்கு உணவு கசிந்து வருகிறது.

வட்டு தேய்ந்து, இத்தட்டில் விரிசல் கண்டால், வட்டின் பொருள்கள் மஜ்ஜைக்குள் புகுகின்றன. மஜ்ஜை இரத்த அணுக்கள் பிறக்கும் இடமல்லவா? அங்குள்ள வெள்ளணுக்கள் வந்தவற்றைப் பகைவராக எண்ணிப் போரிடுகின்றன. அதனால் அழற்சி உண்டாகிறது. வலியை உணர்த்தும் நரம்பிழைகளும் பெருகுகின்றன. நாள்பட்ட வலிக்கு இதுவும் ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இம்மாற்றம் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். 1988ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் மோடிக்கும் அவர் குழுவினரும் இதனை விளக்கினர். ஆதலால் இது 'மோடிக் மாற்றம்' எனப்படுகிறது. ஆயினும் இம்மாற்றம் உள்ள அனைவருக்கும் வலி வருவதில்லை. எல்லா இடுப்பு வலிக்கும் இதுவே காரணமும் அன்று.

தோழியரே, கண்ணுக்குத் தெரியாத வலியும் வலியே. இனி அம்மா "இடுப்பு வலிக்கிறது" என்றால் நம்புவோம்; தண்ணீர்க் குடத்தை நாமே தூக்குவோம்!