ஈறு சொல்லும் சேதி

காலை ஆறு மணி. ராயபுரத்தில் ஓர் ஒண்டுக்குடித்தன வீடு. குழாயடியில் பத்து வயதுப் பையன் ஒருவன் பல் துலக்கிக்கொண்டிருக்கிறான். துப்பிய நுரையில் சிவப்பு! பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தாயார் பதறிப்போய் அவன் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

"போதும்டா கண்ணு! இன்னிலேருந்து பல்லு வெளக்க வாணாம். வாயைக் கொப்புளிச்சாப் போதும்."

பையனுக்கு ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறது.

இது நான் எண்ணிப் பார்த்த காட்சிதான். ஆனால் அந்தத் தாயின் பயத்தில் கற்பனை எதுவும் இல்லை. அவளுடைய இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் நாமும் அப்படித்தான் செய்வோம். ரத்தம் கசிகிற இடத்தை யாராவது தேய்ப்பார்களா? ஆனால், சகோதரிகளே, டாக்டர்கள் சொல்லும் பதில் வேறு. அப்படிப்பட்ட பிள்ளையின் வாயைச் சுத்தம் செய்யாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து என்கிறார்கள். ஏன் என்று பார்ப்போமா?

வாசலில் நிற்கும் காவல்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் காவலைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. வாசலில் ஆள் இல்லையென்றால் உள்ளே யார் வேண்டுமானாலும் நுழையலாம். நமது உடம்புக்கு அப்படிப்பட்ட வாசல்களில் ஒன்று, பல்லும் ஈறும் சேருகிற இடம். அங்கே சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிய ஆரம்பிக்கிறது. முழுக்க முழுக்கக் கிருமிகள்! துலக்கினால் போய்விடும், விட்டுவிட்டால் தடித்து, கெட்டியாகி, காரையாக ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கிருமிகளைத் தடுத்து நிறுத்துகிறவை ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அவற்றில் பாதிக்கு மேல் 'நியூட்ரோஃபில்' என்ற வகை. வாசல் காவல் முக்கியமாக இவற்றின் பொறுப்பு. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரையில்தான் பெரும்பாலும் இவை மிகவும் குறைந்து போகின்றன. 500-க்குக் கீழே போய்விட்டால் காவலே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது ஈற்றில் உள்ள கிருமி நேராக ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நமக்கெல்லாம் ஈற்றில் புண் வந்தால் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கும். காவல் அணுக்கள் சண்டை போடுவதன் அடையாளம் அது. காவலே இல்லாதவருக்குச் சண்டையும் இல்லை. ஆகவே சிவப்பும் சீழும் குறைவாகவே தெரியும். 'ஒன்றும் பெரிசாகத் தெரியவில்லையே' என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் வேறு ஜாதி. அவை 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கவேண்டும். 20,000-க்குக் கீழே இறங்கினால் யாரும் தொடாமலே ஈற்றில் ரத்தம் கசியலாம். பையனின் நுரை சிவந்தது இதனாலேயே இருக்கலாம்.

முதலில் தெரியும் இடம்

சில சமயம் வியாதி இருப்பதே ஈற்றின் மூலமாகத்தான் வெளியே வருகிறது. ரத்தப் புற்றுநோயில் சில வகைகளில் ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறிக்கொள்ளும். பல் டாக்டரிடம் ஈறு வீக்கம் என்று போனவரை, அவர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, உண்மை தெரிய வருவது உண்டு. ரத்த சோகை உள்ள பெண்களுக்கு ஈறு வெளுத்திருக்கும். நாக்கு வழவழப்பாகி, வாயோரம் வெடிக்கும். டெங்கு ஜுரத்தில் ஈற்றில் ரத்தம் கசிந்தால் அது அபாய அறிவிப்பு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இதைப் படித்துவிட்டு, ஈற்றில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததும் மிரண்டு போகாதீர்கள். பெரும்பாலும் அது சரியாகத் துலக்காததால் வருவதுதான். கர்ப்பிணிகளுக்கும் ஈறு சற்று வீங்கிக் கசிவது உண்டு. இரண்டு வாரம் நன்றாகத் துலக்கியும் நிற்காவிட்டால், அல்லது அதோடு காரணமில்லாத களைப்பு, விட்டுவிட்டு ஜுரம், தோலில் நீலத் திட்டுகள் இவையும் சேர்ந்தால், ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது.

சென்னை கற்ற பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். இரண்டு பெண்கள் செய்த காரியம் என்பதை நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக் குறைய, வாயில் வெண் படலம் படியும். ஈற்றோரம் சிவப்புக் கோடு போட்டாற்போல் தெரியும். சிலருக்குப் பல்லிடுக்கு ஈறே அழுகி, தாங்க முடியாத வலியும் துர்நாற்றமும் உண்டாகும். 2004 ஏப்ரலில் அரசாங்கம் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி அதன் முதல் மையங்களில் ஒன்று. மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறவர்களிடம் இத்தகைய கொடிய ஈறு வியாதி அரிதாகிவிட்டது.

ஆனாலும் பலர் பல் டாக்டரிடம் விஷயத்தை மறைக்கிறார்கள். வெளியே தள்ளிவிடுவாரோ என்ற பயம். நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. ஆகவே தைரியமாகச் சொல்லலாம். சொன்னால்தான் டாக்டரும் தக்கபடி வைத்தியம் செய்ய முடியும்.

வீட்டில் என்ன செய்வது?

ரத்த வியாதியோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

மிகவும் மிருதுவான பிரஷ் வாங்குங்கள். காலையும் இரவும் மெதுவாகத் துலக்கட்டும். அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் பிரஷுக்குப் பதில் ஈரத் துணியோ பஞ்சோ போதுமா என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். நாமாகத் தீர்மானிக்க வேண்டாம்.

சாம்பல், செங்கல் பொடி, கல்லுப்பு, வேப்பங்குச்சி எல்லாம் பாட்டி காலத்து வழக்கம். இவர்களுடைய ஈற்றை அவை கீறிவிடும். வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை உப்புக் கரைத்துக் கொப்பளிப்பது இதமானது.

வலிக்கிறது என்று மூலைக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

மருந்து ஏற்றிக்கொண்டு வந்தவருக்கு ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஜுர மாத்திரை போட்டு அடக்கியும் வைக்காதீர்கள். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

கெட்டுப்போன பல்லைப் பிடுங்குவதானால், புற்றுநோய் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே, புண் ஆறுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து முடித்துவிடுவது உத்தமம். ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா உள்ள பையன்களுக்குப் பல் பிடுங்குவதும், கீழ்த் தாடையில் மரப்பு ஊசி போடுவதும்கூட விளையாட்டல்ல. உறைய வைக்கும் மருந்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். ரத்த வியாதி பார்க்கும் டாக்டரும் பல் டாக்டரும் கலந்து பேசிய பிறகே எதுவும் நடக்கவேண்டும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டை தூக்கி, இயந்திரத்தோடு மல்லாடி, களைப்புத் தீர பீடி பிடிக்கிறார்கள். 'என் ஈற்றில் ரத்தமே வருவதில்லையே' என்று பெருமைப்படவும் செய்கிறார்கள். புகை, ஈற்றின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருந்தாலும் வெளியே கசிவு தெரியாது!

எங்கே போவது?

வட சென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். பல்லுக்கென்றே இருப்பது, 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறினால், அடுத்த ஸ்டேஷன் கோட்டை. அதன் அருகிலேயே கல்லூரி. போகும்போது கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

ராயபுரத்துக் குழாயடிக்குத் திரும்புவோம். பிடுங்கிய பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்யவேண்டும்? முதலில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டும். சுட்டால் உடனே ஆஸ்பத்திரி. சுடாவிட்டாலும் ரத்தம் வந்ததை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, எப்படித் துலக்குவது என்று கேட்டுக்கொள்ளட்டும். வரும் வழியில் மிருதுவான பிரஷ் ஒன்று வாங்கி வந்து, ராத்திரி படுக்கப் போகுமுன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லிக் கொடுத்தபடி தன் கையாலேயே துலக்கிவிடட்டும்.