புள்ளி நாயின் கல்லடைப்பு

பழவேற்காட்டில் வலையைக் கரையேற்றி மீன் பிரிக்கும் நேரம்தான் குப்பத்து நாய்களுக்குச் சாப்பாட்டு வேளை. கழித்துப் போடும் நெத்திலி, மத்தி, மீன் தலை, குடல் எல்லாம் அவற்றின் பங்கு. இவற்றில் பியூரின் என்ற பொருள் மிகுதி. நெத்திலி காய்ந்து கருவாடானால் எடைக்கு எடை இன்னும் கூடும்.

பியூரின் உடலில் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான நாய்களின் கல்லீரலில் உள்ள யூரிகேஸ் என்ற நொதி அதை அலன்டாயினாக மாற்றிவிடும். அது நீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரோடு வெளியேறும். மனிதருக்கு இந்த நொதி கிடையாது. நமக்குக் கீல்வாதம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே நெத்திலியை வெள்ளை உடலில் கரும்புள்ளி கொண்ட டால்மேஷன் நாய்க்குப் போட்டால் கதை வேறு. அதன் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1916-லேயே அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் கவனித்தார். இத்தனைக்கும் டால்மேஷனின் கல்லீரலில் யூரிகேஸ் நன்றாகவே இருக்கிறது. யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் விடும் வாசல்தான் பழுது. சிறுநீரகத்திலும் அதே பழுது இருப்பதால், வடிகட்டிய அமிலத்தை உடல் திரும்ப எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இதற்குக் காரணம் எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பது என்று 2008-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டானிகா பன்னாஷ் குழு கண்டறிந்தது. புல்டாக் போன்ற வேறு சில இனங்களிலும் இந்த மாற்றம் உண்டு.

சிறுநீரில் மிகும் யூரிக் அமிலம் படிந்து யூரேட் கல்லாகலாம். ஆனால் இந்த மரபணு மாற்றம் இருக்கும் எல்லா நாய்க்கும் கல் வருவதில்லை. வந்தால் பெரும்பாலும் ஆண் நாய்தான் அவதிப்படும். அதன் சிறுநீர்க் குழாய் நீளம். ஆண்குறிக்குள் இருக்கும் எலும்பை ஒட்டி இன்னும் குறுகும். சிறு கல்லும் அங்கே சிக்கிக்கொள்ளும். நாய் காலைத் தூக்கியபடி வெகுநேரம் முக்கும். சொட்டுச் சொட்டாகப் போகும், சில சமயம் ரத்தத்தோடு. அடியோடு அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். யூரேட் கற்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது, ஸ்கேன் தேவைப்படும். அலோப்யூரினால் மாத்திரை உதவும் என்றாலும், தீனியைக் கட்டுப்படுத்தாமல் கொடுத்தால் சாந்தின் என்ற வேறுவகைக் கல் உருவாகலாம். ஈரல், மத்தி, நெத்திலியை நிறுத்தி, முட்டை, பால் பொருட்கள், காய்கறி பக்கம் திரும்புவதும் நல்ல தண்ணீர் நிறையக் குடிக்க வைப்பதும் முக்கியம்.

வருமுன் அறிய மரபணுப் பரிசோதனை இருக்கிறது. நாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினாலே போதும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் குட்டிக்குக் குறை. ஒரு பிரதி மட்டும் உள்ளது கடத்தி, அதற்கு நோயில்லை. இரு கடத்திகளைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. கடத்தியைக் குறையில்லாத நாயோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இந்த நோய் வராது.

டால்மேஷனில் அந்த வழியும் அடைபட்டிருந்தது. தூய இனம் முழுவதிலும் இரு பிரதிகளும் மாறியவையே. புள்ளியின் அழகைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் குறையும் சேர்ந்தே வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் பாயின்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலப்புச் செய்து, பிறகு டால்மேஷனோடே சேர்த்து வந்து, நல்ல மரபணுவை மீட்டார். அந்த வழிவந்த இரு நாய்களை 1981-இல் பதிவு செய்த அமெரிக்கன் கென்னல் கிளப், எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. மீண்டும் ஏற்றது 2011-இல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பிறந்த குட்டிகள் அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தன.

இங்கே ராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்களைக் காக்க முனைவோருக்கும் இது பாடம். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்தால் மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும். கடத்திகளையெல்லாம் ஒதுக்கினாலோ இனமே சுருங்கும். பரிசோதித்து, பொருத்தமான ஜோடியைச் சேர்ப்பதே வழி. குட்டி வாங்குகிறவர்கள் புள்ளியையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், தாய் தந்தையின் பரிசோதனைச் சான்றைக் கேட்க வேண்டும். வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால் விற்கிறவரும் பரிசோதிக்கத் தொடங்குவார்.